விளக்குக்குச் சந்தனக் காப்பு

“ஐயோ, சுடுதுலா!” என்று கையை உதறினார் கஸ்தூரி அக்கா. இன்னொரு கையில் இருந்த பித்தளைத் தட்டு ஆடியது. கொஞ்சம் குங்குமம் என் சோதனை மேசையில் கொட்டியது.

கிள்ளான் நகரில் நான் வேலை பார்க்கும் சின்ன விளக்குத் தொழிற்சாலையில் அன்று ஆயுத பூஜை. வாசலில் மாவிலை, கம்பெனி லோரிக்கு மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். எங்கள் தொழிற்கூடத்தின் மேற்பார்வை அக்காவுடையது, பூஜையும் அவருடையதே. துளை போடும் இயந்திரம், தகடு வெட்டும் இயந்திரம், லேபிள் அச்சடிக்கும் பெட்டி, முதலாளியின் கணினி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியாக என் மேசை.

அங்கே இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டு தொங்கின. ஒன்று அலுமினியம், கறுப்பு. மற்றது செம்பு, பளபளவென்று.

“அக்கா, கறுப்பைத் தொட்டுடாதீங்க, அது அறுபத்தாறு டிகிரி. செம்பைத் தாராளமாத் தொடலாம். முப்பத்தாறுதான். உங்க நெத்தி சூடுதான் அது” என்று நான்தான் சொன்னேன். என்னை நம்பி மோதிர விரலால் செம்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர்தான் அப்படிக் கத்தினார்.

“சுடாதுக்கா. மூணு வாரமா அளந்துட்டிருக்கேன்.”

“அப்ப என் விரலு பொய் சொல்லுதா?”

விரல் நுனி சிவந்திருந்தது. என் குறிப்பேட்டிலோ பக்கம் பக்கமாக முப்பத்தாறு. இரண்டில் எது பொய் என்று தெரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குமுன் அந்த விளக்கு எப்படி என் மேசைக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் இதே பத்தியில், நான் தினமும் ரயில் மாறும் சென்ட்ரல் ஸ்டேஷனில் குடையைத் தொலைத்த கதையையே இரண்டு பக்கம் எழுதியவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே செம்பு

வள்ளியப்பன் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் இன்னொன்று திறக்க நாள் குறித்திருந்தார், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. மேசைக்கு ஒன்றாக முப்பத்திரண்டு தொங்கு விளக்குகள் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்.

“விளக்குன்னா ஒரு களை வேணும், இஞ்சினியரம்மா. ஆஸ்பத்திரி லைட்டு மாதிரி பண்ணிடாதீங்க. செம்புல பண்ணுங்க. உள்ள நுழையறவங்களுக்கு மேல பாத்தா லட்சுமிகரமா இருக்கணும்” என்றார்.

எல்.இ.டி. விளக்கு சுடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளி விழும் பக்கம் கையை வைத்தால் சுடாது, அது உண்மைதான். சூடெல்லாம் முதுகுப் பக்கம் போகிறது. ஒளி தரும் நகத்தளவு சில்லில், அதாவது சிப்பில், கிளம்பும் அந்தச் சூட்டை வாங்கிப் பரப்பிக் காற்றில் விட, விளக்கின் முதுகில் ஓர் உலோகக் கட்டி இருக்கும், விரல் விரலாகப் பிரிந்த தகடுகளோடு. தொழிலில் அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். அது சரியில்லை என்றால் விளக்கு உடனே அணையாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஒரு நாள் இலையில் இருப்பது ரசமா சாம்பாரா என்று தொட்டுப் பார்க்க வேண்டி வரும்.

அந்தக் கட்டியை எந்த உலோகத்தில் செய்வது, தகடுகள் எத்தனை, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் என் பொறுப்பு. இதற்காகத்தான் கோயம்புத்தூரிலிருந்து கடல் தாண்டி என்னை வேலை பெர்மிட்டில் வரவழைத்திருந்தார் எங்கள் முதலாளி குணசேகரன். எல்லாருக்கும் அவர் குணா பாஸ். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வயரிங் வேலைக்குப் போய், சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தவர்.

“அலுமினியம் போதும் மாலதி. கறுப்பு ஆனடைஸ் பண்ணிட்டா முடிஞ்சிச்சி. இத்தன வருஷமா அதான போடுறோம்” என்றார் பாஸ். ஆனடைஸ் என்பது அலுமினியத்தை அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சி அதன்மேல் கெட்டியாக ஒரு தோல் வளர வைப்பது. அந்தத் தோலுக்கு விரும்பிய சாயம் ஏற்றலாம்.

நான் செம்பு என்றேன். சூட்டைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடிக்கையாளரும் செம்புதான் கேட்கிறார். அது போக, எனக்குச் செம்பு மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுப்பவர். புதுச் செம்புக் கம்பிச் சுருள் கடைக்கு வந்து இறங்கும் நாளில் எங்கள் வீட்டில் எல்லாருமே நல்ல மூடில் இருப்போம்.

“செம்பு கனம்லா. அலுமினியத்தவிட மூணு மடங்கு கனம். சீலிங் தாங்குமா?”

“தாங்கற மாதிரி கொக்கி போட்டுக்கலாம் பாஸ். சூடு குறையுதான்னு அளந்து பாத்துடலாமே.”

நான் ஜெயித்த நாள்

இரண்டு மாதிரிகள் செய்தோம். அளவு ஒன்று, தகடுகள் ஒன்று, உள்ளே இருக்கும் சில் ஒன்று. உலோகம் மட்டும் வேறு. அலுமினியம் கறுப்பு ஆனடைஸ் ஆகி வந்தது. செம்பை அக்காவின் ஆட்கள் முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் எரியவிட்டேன். பிறகு துப்பாக்கியை எடுத்தேன்.

துப்பாக்கி என்றால் பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே ஜாதி. தொடாமலே சூடு சொல்லும். என்னுடையது தொழிற்சாலைக்கானது, கொதிக்கிற எண்ணெயைக்கூட அளக்கும். அக்காவுக்கு மட்டும் அது இன்றைக்கும் காய்ச்சல் துப்பாக்கிதான். அந்தக் காலத்தில் எங்கள் கேட்டில் நின்று எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தவர் அவர். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் முப்பத்திரண்டு காட்டியதாம். “என்னடா, எல்லாம் பொணமா எந்திரிச்சி வந்திருக்கீங்களா?” என்று கேட்டு உள்ளே விட்டிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். துப்பாக்கியும் தப்பாகச் சொல்லும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

கறுப்பு அலுமினியம், அறுபத்தாறு. செம்பு, முப்பத்தாறு.

“பாருங்க பாஸ்! முப்பது டிகிரி!”

தொழிற்கூடமே கூடிவிட்டது. பாஸ் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி நாலு தடவை சுட்டுப் பார்த்தார். முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தாறு. “முடியாதுலா… இவ்ளோவா?” என்று முனகிவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாளே செம்புத் தகடுக்குச் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஜெயித்துவிட்டால் வாயை மூடத் தெரியாது. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் செம்பின் பெருமையைத்தான் பேசினேன். முப்பது டிகிரி என்றதும் ஒரு பொறியாளருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது.

தொட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தொட முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது. பளபளக்கும் செம்பில் விரல் பட்டால் ரேகை அப்படியே கறையாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பருத்திக் கையுறை இல்லாமல் அதைத் தொடுகிறவர்களை அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பூஜைப் பொட்டுக்கு மட்டும் தனக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொண்டார். வயர் சென்சார் ஒட்டி அளக்கலாம் என்றால் டேப்பின் பசையும் கறை. “தேய்ச்சித் தேய்ச்சி என் ஆளுங்களுக்குக் கை போச்சி. ஒட்டுற வேலையெல்லாம் வெச்சிக்காத” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஓய்வெடுக்காத விளக்கு

ஆயுத பூஜை அன்று கருவிகளுக்கு ஓய்வு. எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, அடுத்த நாள்தான் தொடுவோம். அக்கா காலையிலேயே என்னிடம் வந்தார்.

“உன் லைட்ட ஆப் பண்ணு. பூஜைக்கு எல்லாம் ரெஸ்ட்டு.”

“இதை மட்டும் விட்ருங்கக்கா. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடற டெஸ்ட். மத்தியானம் முடிஞ்சுடும். இப்ப நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

“சாமிக்குக் கோவம் வரும், தெரியும்ல?”

“வள்ளியப்பன் அண்ணன் மத்தியானம் வர்றாருங்க. அவருக்குக் கோபம் வந்தாத்தான் எனக்குப் பயம்.”

அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். வள்ளியப்பன் அன்று பூஜைச் சாப்பாட்டுக்கு விருந்தாளி. சாப்பிட்டுவிட்டு விளக்கைப் பார்த்துச் சரி சொன்னால் மறுநாள் முப்பத்திரண்டும் தொடங்கும்.

எனக்கு அன்று இன்னொரு பயமும் இருந்தது. என் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க பாஸ் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஏன் இந்த ஆள்தான் வேண்டும், உள்ளூரில் ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று அதில் காரணம் எழுத வேண்டும். அந்த இடம் மட்டும் காலியாக, கடிதம் அவர் மேசையில் பத்து நாளாகக் கிடந்தது. “செம்பு லைட்டு நல்லா முடியட்டும் மாலதி. எழுதறதுக்கு ஈஸியா இருக்கும்” என்றிருந்தார்.

சாலாக் செலாத்தானில் ஒரு பிளாட்டில் நானும் கணவரும் மகளும் குடியிருக்கிறோம். மகள் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குளிக்கும்போது மலாய்ப் பாட்டுப் பாடும் அளவுக்கு வந்துவிட்டாள். கடிதம் போகவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை வீட்டில் நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பொட்டு சொன்ன கணக்கு

இப்போது அக்காவின் சிவந்த விரலுக்குத் திரும்பி வருகிறேன்.

“இங்க பாருங்கக்கா” என்று துப்பாக்கியைச் செம்புக்கு நேரே பிடித்தேன். முப்பத்தாறு. “சொன்னேன்ல?”

அக்காவுக்குக் கோபம். துப்பாக்கியை வெடுக்கென்று பிடுங்கினார். கொரோனா காலத்துப் பழக்கம் கையோடு ஒட்டியிருந்தது போல. விளக்குக்கும் நெற்றி இருப்பதாக எண்ணி, தான் வைத்த பொட்டுக்கு நேரே, மிக அருகில் பிடித்து அழுத்தினார்.

“எழுபத்தி நாலு” என்று வாசித்தார். “காய்ச்சல்லா இதுக்கு!”

நான் வாங்கி அளந்தேன். பொட்டில் எழுபத்து நாலு. பொட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வெறும் செம்பில், முப்பத்தாறு. ஒரே தகடு. ஒரு குச்சியில் சந்தனம் தொட்டுக் கறுப்பு அலுமினியத்துக்கும் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டேன். பொட்டிலும் அறுபத்தாறு, பக்கத்திலும் அறுபத்தாறு.

கல்லூரியில் படித்த பாடம் அது. பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சூடான பொருள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத கதிராகவும் சூட்டை வெளியே விடும். துப்பாக்கி பார்ப்பது அந்தக் கதிரைத்தான். பளபளக்கும் உலோகம் அந்தக் கதிரை விடுவதில் மகா கருமி. அது கண்ணாடி மாதிரி, எதிரில் நிற்பவரின் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். எதிரில் நின்றது நான். மூன்று வாரமாக என் உடம்புச் சூட்டையே செம்பின் சூடு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று அதைவிட மோசம். நான் தேர்ந்தெடுத்த செம்பு, பாஸ் சொன்ன அலுமினியத்தைவிட எட்டு டிகிரி கூடுதல் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை வேகமாகக் கடத்தினால் என்ன? தீபாவளிக்கு முந்தைய நாள் நெடுஞ்சாலையில் ஆறு வழி இருந்தும் டோலில் ஒரே கவுண்டர் திறந்திருந்தால் என்ன ஆகும்? சூடு உலோகத்துக்குள் தாராளமாக ஓடி வந்து, வெளியே காற்றில் இறங்கும் இடத்தில் வரிசை கட்டி நின்றது. கறுப்புத் தோல் போட்ட அலுமினியத்துக்குக் கதிராக வெளியேற இன்னொரு கவுண்டர் இருந்தது. அதைத்தான் நாங்கள் தேய்த்துத் தேய்த்துச் செம்பில் அடைத்து வைத்திருந்தோம்.

“என்ன, மூஞ்சி வெளுத்துப்போச்சி?” என்றார் அக்கா.

சொன்னேன். முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

“பாஸ்கிட்ட சொல்லப்போறியா?”

அலுவலக அறையில் இலை போட்டாயிற்று. வள்ளியப்பனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம், பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் நான் யோசித்தேன். பொட்டைத் துடைத்துவிட்டால் முப்பத்தாறு அப்படியே இருக்கும். எழுபத்து நாலில் விளக்கு நாளைக்கே போய்விடாது. இரண்டு வருடம் ஓடும். அதற்குள் பெர்மிட் வந்திருக்கும். என் கையில் துடைக்கிற துணியும் இருந்தது.

அக்கா அந்தத் துணியைப் பார்த்தார். விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துணியை மேசையில் போட்டுவிட்டு அலுவலக அறைக்கு நடந்தேன்.

இலை முன்னால்

பாஸ் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். வள்ளியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“சாப்புட்டு சொல்லேன்லா.”

“இல்ல பாஸ். சாப்பிட்டுட்டா சொல்ல மாட்டேன்.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு முப்பத்தாறு இல்லை, எழுபத்து நாலு. துப்பாக்கி பார்த்தது என்னை. அலுமினியம்தான் குளிர்ச்சி. தப்பு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

பாஸ் வடையை இலையில் வைத்துவிட்டு எழுந்தார். நேராக என் மேசைக்குப் போனார், நான் பின்னாலேயே. அக்காவின் சட்டத்தை மீறி, வெறுங்கையால் செம்பைத் தொட்டார்.

“சுடுதுலா!”

“நான் சொன்னப்ப யாரு கேட்டா?” என்றார் அக்கா.

பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி படர்ந்தது. “மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா? இத்தன வருஷமா அலுமினியம் போட்டு ஊர ஏமாத்திட்டேனோன்னு” என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறைக்குத் திரும்பினோம். வள்ளியப்பன் சிரிக்கவில்லை. இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். “இத என் கடையில மாட்டியிருந்தா?” என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டு வருஷத்துல மங்க ஆரம்பிச்சிருக்குங்கண்ணா.”

“அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுங்க.”

அவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். “சரி, உக்காருங்க. முதல்ல சாப்புடுங்க” என்று பக்கத்து இலையைக் காட்டினார். எனக்கு என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை.

காப்பு

பாயசம் வரும்போது வள்ளியப்பன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “அலுமினியமே போடுங்க. ஆனா கறுப்பு வேண்டாம். கடை தொறக்கற நாளும் அதுவுமா தலைக்கு மேல முப்பத்திரண்டு கறுப்புத் தொங்கணுமா? எங்க வீட்டுல உள்ள விடமாட்டாங்க.”

பாஸ் என்னைப் பார்த்தார். கறுப்புதான் சூட்டை விடும் என்று அவர் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தார். நான் பொட்டை நினைத்துக்கொண்டேன். எழுபத்து நாலு காட்டியது கறுப்பு இல்லையே, சந்தனம்.

“அக்கா, சந்தனம் மிச்சம் இருக்கா?”

ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. விளக்கை அணைத்து ஆறவிட்டோம். அம்மனுக்குச் சாத்துவதுபோல அக்கா அந்தச் செம்பு முழுக்கச் சந்தனத்தை மெல்லிசாகப் பூசினார். தகடு தகடாக, இடுக்கு இடுக்காக, விரலால். “வெக்கைக்குத்தான சந்தனக் காப்பு சாத்துவாங்க. இதுக்கும் வெக்கைதான” என்று சொல்லிக்கொண்டே பூசினார். காய்ந்ததும் மறுபடி எரியவிட்டோம். வள்ளியப்பன் கடைக்குப் போகாமல் இரண்டு மணி நேரம் பொரிகடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கியை அக்காவிடமே கொடுத்தேன்.

“அறுபத்தி ஆறு.”

கறுப்பு அலுமினியமும் அதே அறுபத்தாறு. எங்கள் கண்ணுக்குத்தான் அது சந்தன நிறம், இது கறுப்பு. சூட்டுக் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பளபளப்பாக மட்டும் இருக்கக் கூடாது. உலோகத்தைப் பற்றி நான் போட்ட சண்டையும் அந்த எண்ணோடு அடங்கிவிட்டது. மேல்தோல் ஒன்றாகிவிட்டால் செம்பும் அலுமினியமும் இந்த அளவு விளக்கில் ஒரே சூட்டில்தான் நின்றன. அப்படியானால் கனம் குறைந்தது போதும்.

“இந்தக் கலர்லயே பெயின்ட் அடிச்சிக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார் வள்ளியப்பன்.

முடிந்தது. அலுமினியத் தகடுகளுக்குச் சந்தன நிறத்தில் பவுடர் கோட்டிங், அதாவது பொடியாகத் தூவிச் சூளையில் வாட்டும் பெயின்ட். வந்திறங்கிவிட்ட செம்புத் தகடுகளை வட்ட வில்லைகளாக வெட்டி, சில்லுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். நகத்தளவு இடத்தில் கிளம்பும் சூட்டைச் சட்டென்று பரப்ப அங்கே செம்பு உண்மையிலேயே தேவை. இன்னும் மூன்று டிகிரி குறைந்தது. இந்த முறை வயர் சென்சார் ஒட்டி, துப்பாக்கியிலும் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இப்போதும்

கடை குறித்த நாளில் திறந்தது. கிள்ளானிலிருந்து வீட்டுக்குப் போக சென்ட்ரலில்தான் ரயில் மாற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வெளியே இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துவிடுவேன். முப்பத்திரண்டும் இன்றுவரை மங்கவில்லை. வள்ளியப்பன் என்னைக் கண்டால் மேலே பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். முதல் தடவை ஆயுத பூஜைக்கு அந்த விளக்குகளுக்குச் சந்தனம் வைத்தபோது வைத்தது கண்ணுக்கே தெரியவில்லையாம். குங்குமம் மட்டும் தெரிந்ததாம்.

என் சோதனை மேசையில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சந்தன டப்பா இருக்கும். எதை அளப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு பொட்டு, பிறகுதான் அளவு. ஒரு முறை தர ஆய்வுக்கு வந்த ஒரு சீன அதிகாரி டப்பாவைக் காட்டி, “இது சாமிக்கா?” என்று கேட்டார். செய்து காட்டினேன். அவரே ஒரு பொட்டு வைத்து இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, இதைச் செய்முறைத் தாளில் எழுதி வையுங்கள் என்றார். நாலாவது படியாக எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அந்தப் பூஜை நாள் சாயங்காலம் பாஸ் கடிதத்தின் காலி இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. பெர்மிட் வந்த பிறகு நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார். மலாயில் இருந்தது. என் மலாய் பாசார் என்கிற சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். ரயிலில் இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் மகளிடம் நீட்டினேன்.

காலியாக இருந்த அந்த இடத்துக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

“‘இவங்க எடுத்த அளவு தப்புன்னு இவங்களே வந்து சொன்னாங்க. நாங்க யாரும் கேக்கல. இன்னும் சாப்புடக்கூட இல்ல. இந்த மாதிரி ஆள் எனக்கு வேற கெடைக்கல.’ அப்படின்னு போட்டிருக்கும்மா” என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “தப்பு பண்ணதுக்கா உன்ன வெச்சிக்கிட்டாங்க?”

இன்னொரு தடவை வாசி என்று மட்டும் சொன்னேன்.